ஒரு வாரமாகச் சண்டை இல்லை

ஒரு வாரமாக யாரும் தன்னோடு சண்டைக்கு வரவில்லை என்பதில்தான் ராமபத்ரனுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டில் ஒரு சேட்டின் சுக்குக் குடோனுக்கு அவர் மேனேஜர். பாலக்காட்டுக்காரர். மூட்டை தூக்கும் ராசப்பனும் அவன் ஆட்களும், சுக்கு பொறுக்கும் பேச்சியும் அவள் கூட்டமும் தினம் அவரை வறுத்தெடுப்பார்கள். எமர்ஜென்சியில்கூட வாயை மூடாத கூட்டம் அது. அவரும் சளைக்காமல் திருப்பித் திட்டுவார். குடோன் அப்படித்தான் ஓடியது. போன வாரம் பெரிய தராசை ரிப்பேருக்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு மறுநாளிலிருந்து எல்லார் வாயிலும் பூட்டு.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று பேச்சியின் முறத்திலிருந்து ஒரு பிடி சுக்கை அள்ளினார். மண் மருந்துக்குக்கூட இல்லை.

"என்ன பொறுக்கறே நீ? பாதி மண்ணாக்கும் இதிலே."

"சரிங்க சார். திரும்பப் பொறுக்கிடறேன்."

"எங்கே மண்ணுன்னு கேக்க மாட்டியோ?"

"நீங்க சொன்னா இருக்கும் சார்."

தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பேச்சி, வார்த்தைக்கு வார்த்தை கொடுக்காமல் விட்டாள் என்று சரித்திரமே கிடையாது. அவளே பணிகிறாள் என்றால் உள்ளே ஸ்ட்ரைக் வேகிறது. ஸ்ட்ரைக் வந்தால் முதலில் போவது தன் நாற்காலிதான் என்பது அவருக்குத் தெரியும். உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த பிரம்பு நாற்காலி அது. இந்த வயசில் வேறு எவன் கொடுப்பான்?

பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார். சேட்டு தேனாகப் பேசினார். "மனசு விட்டுப் பேசுங்க ராமபத்ரன். முதலாளி, தொழிலாளி எல்லாம் ஒரே குடும்பம். நமக்குள்ளே ஒளிவுமறைவு கூடாது. அவங்க உங்களை நம்பணும். மாசக் கடைசி வரைக்கும் ஒரு ரகளையும் வேண்டாம்."

"தராசு எப்போ வரும்?"

"வரும், வரும்," என்று வைத்துவிட்டார்.

சரி, பேசுவோம் என்று ராமபத்ரன் எல்லாரையும் கூட்டி, ஒரு மூட்டைமேல் ஏறி நின்றார்.

"உங்களுக்கு என்ன குறைன்னாலும் சொல்லுங்கோ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ராசப்பன் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"ஒரு குறையும் இல்ல சாரே. நீங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள். மிரட்டுகிறான், பயல், என்று ராமபத்ரன் பல்லைக் கடித்தார். கூட்டம் போட்டதே தப்பு. பெரிய மனுஷன் மாதிரி மேலே நின்று பேசினால் எவன் நம்புவான்?

மறுநாள் பக்கத்து டீக்கடைக்காரி அம்மிணி சாயா கொண்டு வந்தபோது, அவர் தன் தனிக் கண்ணாடி டம்ளரைத் தள்ளிவிட்டு, தொழிலாளர்களோடு தரையில் போய் உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது. ஒருத்தி அவர் உட்காரச் சாக்கை உதறிப் போட்டாள். பேச்சி தன் இலையில் இருந்த பழம்பொரியில், அந்த வாழைப்பழ பஜ்ஜியில், பெரியதாகப் பார்த்து அவர் கையில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவருக்கு அவள் கொடுத்தது வசவு மட்டும்தான்.

"எதுக்குடீ இது?"

"சாப்பிடுங்க சார். ஒடம்பைப் பாத்துக்கங்க."

அம்மிணி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ராசப்பனிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவன் தலையை ஆட்டி அவள் வாயை அடைத்தான். ராமபத்ரன் அதையும் பார்த்தார். சதிக்குச் சாயாக்காரி வரை கூட்டு.

வெள்ளிக்கிழமை காலை அவர் கற்பூரமும் தட்டுமாக வந்து நின்றார். வார்த்தையை நம்பாதவன் சத்தியத்தையாவது நம்பித்தானே ஆகணும்?

"எல்லாரும் பாருங்கோ," என்று சுக்கு மூட்டைக்கு மேலே தட்டை வைத்துக் கற்பூரத்தை ஏற்றினார். "இது சத்தியம். இந்தக் குடோன்லே நான் அறியாத ரகசியம் ஒண்ணும் கிடையாது. நான் அறியாம ஒரு மூட்டை இங்கேருந்து அசையாது."

சொல்லி முடித்துக் கையை ஓங்கித் தட்டின்மேல் அடித்தார். தட்டு சரிந்தது. எரிகிற கற்பூரம் உருண்டுபோய்ச் சாக்கில் ஒட்டிக்கொண்டது. "வெள்ளம், வெள்ளம்" என்று மலையாளத்தில் தண்ணீர் கேட்டு அலறல். ராசப்பன் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினான். தீ அணைந்தபோது, கப்பலுக்குக் கட்டி வைத்திருந்த சுக்கு கஷாயம் போலக் கமகமத்தது. தலை முதல் கால் வரை நனைந்து நின்றார் ராமபத்ரன்.

முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்திருந்தால் பஜார் ரோடு முழுக்கச் சிரித்திருக்கும். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ராசப்பன் பக்கத்தில் வந்து தோர்த்தால் அவர் தலையைத் துவட்டிவிட்டான்.

அந்தத் துவட்டலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"விடுடா," என்று கையைத் தட்டிவிட்டார். "திட்டுங்கோ என்னை. சரக்கைப் பாழாக்கினவன் நான். பேச்சி, உன் வாய்க்கு என்ன வந்தது? பத்து வார்த்தை திட்டேன். என்னவாக்கும் மறைக்கறேள் எல்லாருமா? எவனுக்காவது முதுகெலும்பு இருந்தா என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்கோ."

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். ராசப்பன் தோர்த்தைப் பிழிந்தான். வாசலில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றிருந்த அம்மிணிக்குப் பொறுமை போய்விட்டது. பாத்திரத்தைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"தராசு போனது களமசேரி புது குடோனுக்காக்கும் சாரே, ஒண்ணாந்தேதி இவங்க எல்லாரும் அங்கதான் போறாங்க, அங்க நாற்காலி இல்லாதது உங்களுக்கு மட்டுந்தான், அத சேட்டும் சொல்லல, இவங்களுக்கும் சொல்ல மனசு வரல."