ஒரு பாடத்துக்குப் பத்து நிமிஷம்

காபி எஸ்டேட் ரைட்டர் வெங்கடேஷ், தன் பிள்ளைகளை நெட்டின் பிடியிலிருந்து மீட்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தீர்மானம் செய்தார். பத்து இருபத்தைந்து வரை அவருக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. இடைப்பட்ட ஐந்து நிமிஷத்தில் ஒரு லாரி நின்றுவிட்டது.

லாரி நின்றது இமயமலையில். வெங்கடேஷ் இருந்தது ஏற்காட்டு மலை மஞ்சக்குட்டையில், எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில், கையில் போனோடு. சங்ககிரி டிரைவர் ஒருவர் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு லடாக்குக்குக் கிளம்பி, போகிற வழியை எல்லாம் படம் பிடித்து தினமும் நெட்டில் போட்டு வந்தார். முதல் நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் வெங்கடேஷ் பார்த்து, படத்தின் கீழே தன் பேரையும் ஊரையும் எழுதி வந்தார். இத்தனைக்கும் அவருக்கு லாரி ஓட்டத் தெரியாது. சைக்கிளே சுமார்தான். சேலத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் முதல் வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இருபது வளைவும் முடிந்து அடிவாரம் வந்த பிறகுதான் திறப்பார். அடுத்தவர் ஓட்டும் மலைப்பாதை என்றால் மட்டும் கண்ணை இமைக்க மாட்டார்.

அன்றைக்கு லாரி ஒரு பனி வளைவில் பாதி திரும்பியிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். அப்போது படம் அப்படியே உறைந்தது. லாரிச் சக்கரம் சுற்றவில்லை. திரையின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றியது. ஐந்து நிமிஷம் சுற்றியது.

உள்ளே எட்டிப் பார்த்தார். எட்டாவது படிக்கும் கவியா டான்ஸ் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது படிக்கும் பாலகுமார் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் செல்போன் டவர் பேசுவதற்கே போதாது. அதற்கும் வாசலில் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று கத்த வேண்டும். கம்பி வழியாக வரும் ஒரே ஒரு நெட், ஒரே ஒரு பெட்டி. அதை மூன்று பேர் பிடித்து இழுத்தால் லாரி எப்படி ஏறும்?

இதை அப்படியே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆகவே கல்வியைப் பற்றிப் பேசினார்.

"ரெண்டு பேரும் வாங்க கண்ணு. இனிமே இந்த ஊட்டுல நெட்டு சும்மா கெடையாது. கம்ப்யூட்டர்ல ஒரு பாடம் முடிச்சா பத்து நிமிசம் நெட்டு. ரெண்டு முடிச்சா இருவது. பாடம் இல்லீன்னா நெட்டும் இல்ல."

கம்ப்யூட்டர் எஸ்டேட் ஆபீசில் கழித்துப் போட்டது. அதில் பள்ளிக்கூடத்து சரஸ்வதி டீச்சர் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஏற்றிக் கொடுத்த பாடங்கள் இருந்தன. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கு, இங்கிலீஷ். நெட் இல்லாமலே ஓடும். யார் பேரைப் புதிதாகப் பதிந்தாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கும். மேலே ஏறுவது அவரவர் சாமர்த்தியம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒரு பச்சைக் கிளி வந்து ஆடும்.

தையல் மெஷினில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கலாவதி காலை நிறுத்தினாள்.

"ஏனுங்க, நொம்ப நல்ல ரோசனைங்க. இது புள்ளைங்களுக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?"

"சட்டம்னா எல்லாத்துக்குந்தான் புள்ள."

"அப்ப எம்பேரையும் போட்டுக்கோங்க. நானும் பத்தாவதுல கணக்குல நாலு மார்க்குல போனவதானுங்களே."

"தாராளமாப் போட்டுக்க."

"உங்க பேருங்க?"

வெங்கடேஷ் சிரித்தார். பதினெட்டு வருஷமாக எஸ்டேட்டில் ஆள் கணக்குப் புத்தகம் அவர் கையில். செக்ரோல் என்பார்கள். காலை மஸ்டரில் நின்று பேர் கூப்பிடுவார். முழு நாள் வேலை செய்தவருக்கு முழுப் பேர். பாதியில் போனவருக்கு, காபிப் பழம் குறைவாகப் பறித்தவருக்கு, சிவப்பு மையில் அரைப் பேர், கூலியும் பாதிதான். அந்தச் சிவப்புப் பேனாவைக் கண்டால் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரிகளே ஒதுங்குவார்கள்.

"செக்ரோல்ல ரைட்டர் பேரு இருக்குமா? பேரு எழுதறவந்தான் ரைட்டர்."

"அதுவுஞ் சரிதானுங்க," என்றாள் கலாவதி. "எதுக்கும் சட்டத்த எழுதி ஒட்டிருங்க. நாளைக்கு யாரும் பேச்சு மாறக்கூடாது பாருங்க."

மனைவி தன் சட்டத்தை இவ்வளவு மதிக்கிறாளே என்று அவருக்குப் பூரிப்பாக இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். பேர் உள்ளவருக்கே நெட். ஒருவர் பாடத்தை இன்னொருவர் செய்யக் கூடாது. ஒருவர் சம்பாதித்த நிமிஷத்தை இன்னொருவர் தொடக் கூடாது. தகராறு வந்தால் மேஸ்திரி சொல்வதே முடிவு. கீழே மூன்று பேர்: கலாவதி, கவியா, பாலகுமார். ஒவ்வொரு பேருக்கும் எதிரில் நிமிஷக் கணக்கு எழுத இடம். பழம் பறிக்கும் பருவத்தில் தனக்கு மாலை வரை எஸ்டேட்டில் வேலை என்பதால் மேஸ்திரியாகக் கலாவதியையே நியமித்தார். நெட் பெட்டியும் அதன் பாஸ்வேர்டும், நேரம் முடிந்தவர் போனை மட்டும் வெட்டிவிடுவதும் அவள் பொறுப்பு. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டுச் சுவரில் ஒட்டினார்.

சட்டம் பிரமாதமாக வேலை செய்தது. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். கிளி ஆடிக்கொண்டே இருந்தது. கவியா ஒரே வாரத்தில் ஏழாம் வகுப்புக் கணக்குக்கு வந்துவிட்டாள். பாலகுமாருக்கு வகுத்தல் பிடிபட்டது. கலாவதி பகலில் தையலுக்கு நடுவே ஒவ்வொரு பாடமாக முடித்தாள். மாலையில் வெங்கடேஷ் வீடு திரும்பினால் நெட் காலியாக இருக்கும். கேட்காமலே கலாவதி பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுப்பாள். லாரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் ஆரோக்கியதாஸ் வீட்டு வாசலிலும் போய்ப் பெருமை பேசினார். "ஊட்டையும் எஸ்டேட் மாதிரி நடத்தோணும் தாசண்ணா. அப்பத்தான் உருப்படும்." ஆரோக்கியதாஸ் கொட்டாவி விட்டார். அவர் மனைவி சாந்தாமேரிதான் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, அந்தச் சட்டத்தை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

லாரிக்கு வழியில் மண் சரிந்து ஒன்பது நாள் தடை. பிறகு ஒரு நாள் டிரைவர் அறிவித்தார். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு லடாக் போய்ச் சேர்கிறோம். நேரலை. தவறவிட்டால் போனதுதான், மறுபடி போட மாட்டேன். கடைசி வளைவு ஏறியதும், முதல் நாளிலிருந்து கூட வந்தவர்கள் பேரை எல்லாம் வாசிப்பேன்.

வெங்கடேஷ் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் பேரைக் கூப்பிட்டவர். அவர் பேரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. "வெங்கடேஷ் ரைட்டர், ஏற்காடு" என்று இமயமலையில் ஒரு குரல் சொல்லப் போகிறது. அதைக் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

வியாழக்கிழமை வீட்டில் ஒரு குற்றம் நடந்தது. தம்பிக்குக் காய்ச்சல் என்று அவன் பாடங்கள் இரண்டைக் கவியா செய்து கொடுத்துவிட்டாள். வெங்கடேஷ் கண்டுபிடித்துவிட்டார். ஆள் மாறாட்டம். செக்ரோலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. தம்பியின் இருபது நிமிஷத்தோடு, ஊர் மாறிப்போன தோழியோடு சனிக்கிழமை பேசுவதற்கென்று கவியா சேர்த்து வைத்திருந்த ஒரு மணி நேரத்தையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். பெண் அழுதாள்.

"கொழந்தைதானுங்க," என்றாள் கலாவதி. "தம்பிக்கு முடியலீன்னு செஞ்சிருக்கறா. ஒரு தடவ உட்ருங்க."

"சட்டம்னா சட்டம் புள்ள. இன்னைக்கு மகளுக்கு வளைஞ்சா நாளைக்கு ஊருக்கே வளையோணும்."

"சரிங்க," என்றாள் கலாவதி.

அந்தச் 'சரிங்க'வை அவர் கவனித்திருக்க வேண்டும். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒற்றை வார்த்தையில் விட்டுக்கொடுத்தது மொத்தம் மூன்று தடவை. மூன்று தடவையும் அதற்கப்புறம் அவருக்கு நல்லது நடந்ததில்லை.

ஞாயிறு மாலை ஐந்தே முக்கால். முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, அவித்த நிலக்கடலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கலா, பாஸ்வேர்டு போட்டுக் குடு."

கலாவதி காலண்டர் தாளின் முன்னால் போய் நின்று விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தாள்.

"உங்க பேரு இல்லீங்களே."

"வெளையாடாத புள்ள. மணி ஆகுது."

"நான் எங்கீங்க வெளையாடறேன்? பேர் உள்ளவருக்கே நெட்டுன்னு உங்க கையெழுத்துல போட்டிருக்குது."

"இத்தன நாளு குடுத்தியே?"

"தப்புத்தானுங்க. வியாழக்கெழம நீங்க சொன்னப்புறந்தான் புத்தி வந்துச்சு. இன்னைக்கு புருசனுக்கு வளைஞ்சா நாளைக்கு ஊருக்கே வளையோணும்."

"உன் பேர்ல எத்தன நிமிசம் இருக்குது?"

"எழுநூத்தி முப்பது."

"அதுல ஒரு அரை மணி..."

 கலாவதி மூன்றாவது வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்: ஒருவர் சம்பாதித்த நிமிஷத்தை இன்னொருவர் தொடக் கூடாது.

வெங்கடேஷ் எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினார். உள்ளே ஆரோக்கியதாஸ் பேரனின் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணாடி போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பச்சைக் கிளி.

"தாசண்ணா, உங்க நெட்டக் கொஞ்சம்..."

"பேசாதீங்க தம்பி," என்றார் ஆரோக்கியதாஸ். "நீங்க சொல்லிக் குடுத்துட்டுப் போன சட்டந்தான். சாந்தா அன்னைக்கே எழுதி ஒட்டிட்டா. நான் இப்பத்தான் ரெண்டாங்கிளாசுக்கு வந்திருக்கறேன். கலைச்சு உட்ராதீங்க."

திரும்பி ஓடி வந்தபோது மணி ஆறு ஆக மூன்று நிமிஷம்.

"கவியா கண்ணு, அப்பா பேர்ல ஒரே ஒரு பாடம் சீக்கிரமா முடிச்சுக் குடு சாமி."

கவியா தகப்பனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது ஆள் மாறாட்டமுங்கப்பா."

வேறு வழியில்லை. தன் பேரைத் தானே பதிந்துகொண்டு உட்கார்ந்தார். ஒன்றாம் வகுப்பு, முதல் பாடம். குளத்தில் எத்தனை வாத்து? வாத்துகள் ஒவ்வொன்றாக, சாவகாசமாக, நீந்தி வந்தன. அவசரப்படுத்தினால் கேட்கவில்லை. ஒன்பது கேள்வி தாண்டி, பத்தாவதில் ஏழு வாத்தை எட்டு என்று அழுத்திவிட்டார். கிளி தலையை ஆட்டியது. முதலிலிருந்து வரச் சொன்னது.

இரண்டாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். தினம் இருநூறு பேரை எண்ணுகிறவர், ஏழு வாத்துக்கு விரல் விட்டார். ஆறு பதினேழுக்கு முடிந்தது. கிளி ஆடியது. அது ஆடி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், விதி.

"பத்து நிமிசமுங்க," என்று பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தாள் கலாவதி. சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

லாரி தெரிந்தது. ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒரு டீ குடித்தார். குளிரைப் பற்றிப் பேசினார். டயரைத் தட்டிப் பார்த்தார். மறுபடி ஏறினார். கடைசி வளைவு. "சரி, இப்ப பேர வாசிக்கறேன்," என்று ஒரு காகிதத்தைப் பிரித்தார். எடப்பாடி செந்தில், ஓமலூர் பழனிச்சாமி. திரை நின்றது. வட்டம் சுற்றியது. ஆறு இருபத்தேழு.

"கலா."

"நேரம் முடிஞ்சுதுங்க. இன்னொரு பாடம் முடிச்சீங்கன்னா இன்னொரு பத்து."

இரண்டாம் பாடத்தைத் திறந்தார். இந்தத் தடவை முயல்கள். முயல்கள் உட்காராமல் குதித்துக்கொண்டே இருந்தன. எண்ண எண்ண இடம் மாறின. மூன்றாவது கேள்வியில் உள்ளறையிலிருந்து லாரி ஹாரன் கேட்டது. தெரிந்த ஹாரன். எழுந்து போய்ப் பார்த்தார். கட்டிலில் கலாவதி, ஒரு பக்கம் கவியா, மறுபக்கம் பாலகுமார். கலாவதியின் கையில் அவள் போன். எழுநூற்று முப்பது நிமிஷம்.

"அவிய ரெண்டு பேரும் உன் நிமிசத்துல பாக்கறாங்களே. அதெப்படி?"

"தகராறு வந்தா மேஸ்திரி சொல்றதே முடிவுன்னு நீங்கதானுங்களே எழுதுனீங்க," என்றாள் கலாவதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்களும் வாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். திரையில் டிரைவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து ஜவ்வரிசி மூட்டை இறங்கத் தொடங்கியது.

"அப்பா, உங்க பேர வாசிச்சாருங்க," என்றான் பாலகுமார். "சத்தமா வாசிச்சாருங்க. ரெண்டு தடவ."

"ரெண்டு தடவையா?"

"ஆமாங்க. இருக்கீங்களா ரைட்டரேன்னு கூடக் கேட்டாருங்க."

வெங்கடேஷ் எழுந்து போய் நிலக்கடலைத் தட்டைக் கொண்டு வந்தார். அதைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு, தானே சிவப்புப் பேனாவை எடுத்து, கவியாவின் பேருக்கு எதிரில் அடித்த ஒரு மணி நேரத்தைத் திருப்பி எழுதினார். இப்போதாவது சட்டத்தில் கொஞ்சம் வளைவு வந்ததே என்று கலாவதி நினைத்துக்கொண்டாள். பேனாவை அவர் அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அது தப்பு.

திங்கட்கிழமை காலை மஸ்டருக்குக் கிளம்பும்போது காலண்டர் தாளைப் பார்த்தார். நாலாவதாக ஒரு பேர் ஏறியிருந்தது: வெங்கடேஷ், ஒன்றாம் வகுப்பு. எதிரில் மேஸ்திரியின் கையெழுத்தில், முயல் பாடத்தைப் பாதியில் விட்டதற்காக, சிவப்பு மையில் அரைப் பேர்.