பரீட்சைக்குத் தவறு, ரிப்போர்ட்டுக்குச் சரி

இதைத் தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகவே இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எண்ணில் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் மெர்போக் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்த புள்ளிவிவரப் பரீட்சையைப் பற்றி வேறு யாரும் வாய் திறக்கப்போவதில்லை.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு மாதம் இரண்டு ஆள். லயம் என்ற வரிசைக் குடியிருப்புகளில் இருந்த நாற்பது வீட்டுச் சீட்டையும் பால் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். புதிதாக வந்த ஜப்பான் துரைக்கு அது பிடிக்கவில்லை. குலுக்கல் சூதாட்டம், சூதாட்டம் நாகரிகமற்றது என்றார். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனபோது ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது:

‘வீட்டுக்கு ஒருவர் புள்ளிவிவரத்திலும் நிகழ்தகவிலும் பரீட்சைக்கு அமர வேண்டியது. பெறும் மதிப்பெண்ணுக்குத் தக்கபடி இரு வீட்டு ஆண்கள் சயாமுக்குத் தெரிவு செய்யப்படுவார்கள்.’

கடைசியாக வரும் இரண்டு பேர்தான் போகவேண்டும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் பெயர் அய்யாவு. அவருக்குப் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டத் தெரியும், எண்ணத் தெரியாது. அதனால் நான் பெயர் கொடுத்தேன்.

"நீ பெயிலானா நான் சயாமுக்குப் போவணுமா?" என்றார்.

"நீங்க எழுதுறதா இருந்தா இப்பவே துணியை மூட்டை கட்டிடலாம்," என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பாடம் நடத்தியவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி பரஞ்சோதி. வெள்ளைக்காரத் துரை இருந்தவரை வாயில் சுருட்டும் தலையில் தொப்பியுமாக இருந்தவர், இப்போது ஜப்பான் சிப்பாய் மாதிரி தலையை மொட்டையடித்து, காலில் பட்டித்துணி சுற்றி, எங்களைப் பார்த்தால்கூட இடுப்புவரை குனிந்தார். சாயங்காலம் ரப்பர் பால் கொட்டகையில் வகுப்பு. மாணவர்கள் செய்யும் பொதுவான பிழைகளைத் தவிர்த்தாலே போதும் என்றார்.

"ரெண்டு மாசமா நம்ம லயத்துல யாருக்கும் சீட்டு விழலே. அதனால இந்த மாசம் கட்டாயம் விழும். சரியா, தவறா?"

"சரிங்க," என்றார் சின்னையா. பக்கத்து வீட்டு செல்லாயியின் புருஷன் அவர்.

"தவறு! டப்பாவுக்கு ஞாபகம் கிடையாது. அடுத்தது. பங்களாவுல இருபது படி அரிசி இருக்கு. ஒன்பது வீட்டுல ஒண்ணுமில்லே. சராசரி?"

நான் விரல் விட்டு எண்ணி, "ரெண்டு படிங்க," என்றேன்.

"சபாஷ். அதனால ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு படி அரிசி இருக்கு. சரியா, தவறா?"

"எங்க வீட்டுல மரவள்ளிக் கிழங்குதான் இருக்கு, கிராணி ஐயா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பரீட்சைக்குத் தவறும்மா. ரிப்போர்ட்டுக்குச் சரி. போன மாசம் அப்படித்தான் எழுதி அனுப்பினேன்."

அடுத்த நாள் பக்கிரிசாமியை எழுந்து நிற்கச் சொன்னார். சயாமிலிருந்து திரும்பி வந்த ஒரே ஆள். லாரியில் இடம் இல்லாமல் பக்கத்து ஊரான சுங்கை பட்டாணியிலேயே இறக்கிவிட்டார்கள்.

"திரும்பி வந்தவங்களைக் கேட்டோம். நூத்துக்கு நூறு பேரும் நலம். அதனால சயாம்ல எல்லாரும் நலம். இது?"

"பரீட்சைக்குத் தவறு," என்றோம் ஒரே குரலில், "ரிப்போர்ட்டுக்குச் சரி!"

ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணக்கூடாது என்பதையும் அன்றைக்குத்தான் படித்தோம்.

பரீட்சைக்குப் பத்துக் கேள்வி. எழுதத் தெரியாதவர்கள்தான் அதிகம் என்பதால் ஆளுக்கொரு வாழையிலை. ‘சரி’ என்றால் ரப்பர் கொட்டை, ‘தவறு’ என்றால் புளியங்கொட்டை, வரிசையாக வைக்க வேண்டும்.

பரீட்சைக்கு முதல் நாள் காலை, தண்ணீர்க் குழாயடியில் கிராணியின் மனைவி பிரேமாவதி என் கையைப் பிடித்தார். "மருதம்மா, யார்கிட்டயும் சொல்லாதே. கடைசியா வர்றவன் மண்ணு வெட்டப் போறான். ஆனா முதலா வர்றவனும் போறான். அங்க ஆளு தினம் குறையுதாம். சரியாக் கழிச்சு எழுத நல்லாக் கணக்குத் தெரிஞ்ச ஆளு வேணுமாம்."

சத்தியம் செய்துகொடுத்தேன். செல்லாயியிடம் மட்டும் சொன்னேன், அவளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு. பொழுது சாய்வதற்குள் நாற்பது வீட்டிலும் சத்தியம் செய்திருந்தார்கள்.

"அப்ப நடுவுல நிக்கணும். அஞ்சு மார்க்கு," என்றார் சின்னையா. "கண்ணை மூடிக்கிட்டு கொட்டையை வச்சா சராசரி அஞ்சு வரும்னு கிராணி சொன்னாரே?"

"அண்ணே, அதுவும் பொதுவான பிழைதான்," என்றேன். "சராசரி அஞ்சுன்னா உங்களுக்கு அஞ்சுன்னு அர்த்தமில்லே. ரெண்டும் வரும், எட்டும் வரும். சரியா அஞ்சு வேணும்னா பத்துக்கும் பதில் தெரியணும். அஞ்சைச் சரியா வச்சு, அஞ்சைத் தவறா வைக்கணும்."

அன்று எங்கள் லயம் படித்த படிப்பை எந்தப் பள்ளிக்கூடமும் கண்டிருக்காது. சுமாரான ஆளாக இருப்பதற்காக எல்லாரும் மேதைகள் ஆனோம்.

பரீட்சை முடிந்தது. கிராணி இலை இலையாகப் பார்த்து மார்க் வாசித்தார். ஐந்து. ஐந்து. ஐந்து. இருபதாவது இலையை இரண்டு தடவை எண்ணினார். நாற்பதும் ஐந்து.

துரை பட்டியலைப் பார்த்தார். "எல்லாரும் முதல். எல்லாரும் கடைசி. இப்படி வர வாய்ப்பு எவ்வளவு?"

படித்த பாடம் கிராணியை விடவில்லை. "கிட்டத்தட்டப் பூஜ்யம், துவான்."

"அப்படியானால் நடக்காததை நடந்ததாக எழுதியிருக்கிறாய்," என்றார் துரை. கிராணியைப் பட்டித்துணியோடு சயாம் லாரியில் ஏற்றினார்கள். குனிந்தபடியே ஏறினார்.

"இன்னொரு ஆள்," என்றார் துரை. விரல் முதல் வீட்டு ஆளை நோக்கி நீண்டது. முதல் வீடு எங்களுடையது.

அய்யாவு என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"துவான், ரெண்டு ஆளும் ஏறியாச்சு! கிராணி ஐயாவுக்குப் பத்துக்கும் பதில் தெரியும், அதனால அவர்தான் முதல். அவர் பரீட்சைக்கே உட்காரலே, மார்க்கு பூஜ்யம், அதனால அவர்தான் கடைசி. முதல் ஒண்ணு, கடைசி ஒண்ணு. மொத்தம் ரெண்டு."

துரை இரண்டு விரலை மடக்கிப் பார்த்தார். "உனக்கு எழுதத் தெரியுமா?"

"மூணாவது வரைக்கும்."

"போதும்," என்றார். லாரி போய்விட்டது.

மறுநாளிலிருந்து பெரிய கிராணியின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். முதல் ரிப்போர்ட்டில் ‘சயாம் சென்றோர் இருவர்’ என்று எழுதினேன். அடுத்த மாதத்திலிருந்து ரிப்போர்ட்டிலேயே ஆள் அனுப்பினேன். முதலில் செத்துப்போனவர்கள், பிறகு பிறக்காதவர்கள். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

பிரேமாவதி மாதாமாதம் ஆபீசுக்கு வந்தார். "எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காராம், மருதம்மா?"

துரை என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "சயாம்ல எல்லாரும் நலம் அக்கா," என்றேன். "நூத்துக்கு நூறு."

அவர் கிராணியின் மனைவி அல்லவா, பாடம் தெரிந்தவர். என்னை நன்றாகப் பார்த்தார்.

"இது பரீட்சைக்கா, ரிப்போர்ட்டுக்கா?"

அவர் படியிறங்கும்வரை காத்திருந்து, ‘விசாரிக்க வந்தோர்: ஒருவர். திருப்தியடைந்தோர்: நூற்றுக்கு நூறு’ என்று எழுதி, அதன்மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.