நெத்தலியும் ஒரு தடையிதான்

ஒரு வீட்டில் படித்த பிள்ளை ஒன்றே ஒன்று இருந்தால், அந்த வீட்டில் பழுதாகும் பொருளெல்லாம் அதன் மடியில்தான் வந்து விழும். எங்கள் வீட்டில் அந்த ஒன்று நான். பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் படித்த பெண் என்ற ஒரே காரணத்துக்காக மின்விசிறி, கைத்தொலைபேசி, அயல்வீட்டுச் சோற்றுக் குக்கர் எல்லாம் என்னைத் தேடி வந்தன. "எனக்குத் தெரியாது" என்று ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். (அந்த வாக்கியம் எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.)

இந்தப் புகழ் ஓங்கியிருந்த காலத்தில்தான் மின்னணுப் பாகங்களைச் சோதிக்கும் கருவி ஒன்று வாங்க ஆசைப்பட்டேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தடையியோ (ரெசிஸ்டர்) கொள்ளளவியோ (கப்பாசிட்டர்), எதுவானாலும் அதன் கால்களைச் செருகிப் பொத்தானை அழுத்தினால், அது என்ன, அதன் அளவு என்ன என்று சிறு திரையில் காட்டும். இணையக் கடையில் மலிவாக இரண்டு இருந்தன. ஒன்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. மற்றது இன்னும் மலிவு. பெட்டியே இல்லை, வெறும் மின்சுற்றுப் பலகை. பின்பக்கத்தில் பற்றவைத்த ஈயப் பொட்டுகள் எல்லாம் வெளியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

வெறும் பலகையைத்தான் தெரிவு செய்தேன். பெட்டி என்பது வேலை தெரியாதவர்களுக்கு என்று அம்மாவுக்கு ஒரு விரிவுரையே நடத்தினேன். விளம்பரப் படத்தில் அந்தப் பலகை, வெள்ளை வெளேரென்ற மேசையில், குளிரூட்டிய அறையில் இருந்தது. நாங்கள் இருப்பது பேசாலை என்ற மீனவ ஊரில், கருவாடு காயும் முற்றத்தில். அந்த வித்தியாசம் என் மூளைக்கு எட்டவில்லை.

கருவி வந்த கிழமையே சித்தப்பா தன் அம்பிளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடலுக்குப் போகாத நாட்களில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவதுதான் அவருக்குச் சோறு. எங்கள் தெருச் சிற்றாலயத் திருநாளுக்கு எப்போதும் அவருடைய செட்தான்.

"பிள்ளை, இது 'ம்ம்ம்' எண்டு முனகுது. பின்னேரம் வெஸ்பர் ஆராதனை இருக்கு. சத்தம் சரியில்லாட்டி, மேற்குத் தெருக்காரன் செட்டோட வந்து குந்திடுவான். பிறகு திருநாள் எனக்கில்லை."

"சித்தப்பா, நீங்கள் போய்ச் சேர்ட்டுக்கு அயன் போடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

முனகலுக்கு வழக்கமான காரணம் ஒரு பழைய கொள்ளளவி. அதை மட்டும் மாற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் என்னிடம்தான் கருவி இருக்கிறதே! ஒவ்வொரு பாகமாகக் கழற்றினேன், செருகினேன், அழுத்தினேன். இடையிடையே அம்மா கூப்பிட, ஓடிப்போய் உப்புக் கருவாட்டைப் புரட்டிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

முதல் பாகம் பிழையான அளவைக் காட்டியது. இரண்டாவதும் அப்படித்தான். கொள்ளளவியைச் செருகினால் தடையி என்றது. திரான்சிஸ்டரைச் செருகினாலும் தடையி என்றது. எல்லாவற்றையும் செத்தவை என்று தீர்மானித்து ஒரு பால்மா டின்னுக்குள் போட்டேன். எது எங்கே இருந்தது என்று படம் கீறி வைக்கவில்லை. செத்தவர்களுக்கு எதற்கு விலாசம்?

வெள்ளைச் சேர்ட்டோடு சித்தப்பா திரும்பி வந்தபோது அம்பிளிஃபயர் வெறும் தகரமாகக் கிடந்தது.

"என்ன பிள்ளை, உள்ளுக்கு ஒண்டையும் காணேல்லை?"

"இது அம்பிளிஃபயர் இல்லை சித்தப்பா, சவக்காலை. ஒரு பாகத்துக்கும் உயிரில்லை."

"காலமை வரைக்கும் பாடினது..."

"அது வேற. கருவி பொய் சொல்லாது."

சித்தப்பா என்னைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். பாயில் காய்ந்துகொண்டிருந்த நெத்தலி ஒன்றை எடுத்து, அதன் தலையையும் வாலையும் என் கையிலிருந்த கருவியில் செருகினார்.

"அப்ப இவருக்கு என்ன நோய், என்ன வருத்தம் எண்டு பார்."

அழுத்தினேன். தடையி.

"ஐயோ, நெத்தலிக்கும் அதே வருத்தமோ!" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெத்தலியை எடுத்துவிட்டு வெறுமனே அழுத்தினேன். அப்போதும் தடையி! கருவியைக் கதிரையில் வைத்துவிட்டு ஒரு விரலால் அழுத்தினேன். 'பாகம் இல்லை, அல்லது பழுது' என்றது. கையில் எடுத்து அழுத்தினேன். தடையி.

வேர்வையும் கருவாட்டு உப்பும் ஊறிய என் உள்ளங்கை, பெட்டி இல்லாத அந்தப் பலகையின் ஈயப் பொட்டுகளில் அழுந்தியிருந்தது. காலையிலிருந்து அந்தக் கருவி என் கையையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறது. பெட்டி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி சோதித்தேன். பால்மா டின்னுக்குள் இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே உயிர்த்தெழுந்தார்கள். ஆனால் யார் எந்த வீட்டுக்காரர் என்று எனக்கும் தெரியாது, கர்த்தருக்கும் தெரிந்திருக்காது. கோயில் மணி அடித்தது.

அன்று மேற்குத் தெருக்காரரின் செட்தான் பாடியது. முனகலே இல்லை. சித்தப்பா தன் மைக் ஸ்டாண்டை மட்டும் தூக்கிக்கொண்டு போய், அந்த மனிதரின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், வேலையில் இருப்பவர் போல வெஸ்பர் முடியும்வரை நின்றார். நான் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில், முக்காட்டுக்குள்.

அடுத்த வருடம் அவர் புது அம்பிளிஃபயர் வாங்கினார். ஆலய சபை திருநாளைத் திருப்பிக் கொடுத்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: "உங்கட பெறாமகள் அதைத் தொடக் கூடாது."

நான் விடவில்லை. பெட்டியுள்ள கருவி வாங்கினேன். தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன், முடித்தேன். எங்கள் குடும்பத்தில் மேடையேறிச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான். (இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.) என் பெயரை வாசித்தார்கள். மண்டபம் அமைதியானது. தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கல்லூரி அதிபர் ஒரு கையில் சான்றிதழோடு, மற்றக் கையைக் குலுக்க நீட்டினார்.

பின் வரிசையிலிருந்து, மைக் தேவைப்படாத அந்தக் குரல் வந்தது:

"பிள்ளை, கையைக் கழுவினனியோ?"

அதிபர் திடுக்கிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்தார். படம் பிடிப்பவர் சரியாக அந்த நொடியில் அழுத்தினார்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில், மாதா படத்துக்குக் கீழே தொங்குகிறது. அதில் நான் கையை நீட்டியபடி நிற்கிறேன். அதிபர் தன் கையை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறார். வருபவர்கள் எல்லாரும் "ஏன் அவர் பயந்த மாதிரி நிக்கிறார்?" என்று கேட்கிறார்கள். சித்தப்பா உடனே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா ஒரு நெத்தலியை எடுத்துக்கொண்டு வருவார்.