அன்ரனெற்றின் சாடியும் என் சாடியும்

இனிமேல் சனிக்கிழமைகளில் நான் நண்டு உடைப்பதில்லை என்று போன ஐப்பசியில் ஒரு முடிவெடுத்தேன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பாதி முகத்தில் சவர நுரையோடு எடுத்த முடிவு. அப்படிப்பட்ட பெரிய முடிவுகள் என் வாழ்க்கையில் மொத்தம் மூன்று. மற்ற இரண்டும் நடக்கவில்லை.

என் பெயர் நீக்கிலாஸ். மனைவி அன்ரனெற். வீடு, ஊரைவிட்டு வந்து குடியேறிய மோர்னிங்சைட்டில். நான் பஸ் ஓட்டி இளைப்பாறியவன். அவள் உடுப்புகளைத் திருத்தித் தைத்துக் கொடுக்கும் கடையொன்றில் வேலை செய்கிறாள். எங்கள் இருவருக்கும் பிடித்தமான விசயங்கள் மூன்று உண்டு: ஒடியல் கூழ், வீட்டில் செய்யும் வைன், ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது. இருபத்தொன்பது வருடத் திருமணம் மூன்றாவதில்தான் நிலைத்து நிற்கிறது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் கறுத்த திராட்சை பெட்டி பெட்டியாக வாங்கி வருவோம். கடையில் இத்தாலியக் கிழவர்கள் வரிசையில் நின்று பெட்டியைத் தூக்கித் தூக்கி மணப்பார்கள். நானும் மணப்பேன். எதை மணக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பழத்தைப் பெரிய பேசினில் கொட்டி நான் ஏறி மிதிக்க வேண்டும். மிதிப்பதற்கு முன் அன்ரனெற் என் கால்களைப் பரிசோதிப்பாள். முதல் தடவையில் நான் ஒருநாளும் பாஸாகியதில்லை.

பிறகு சாற்றை அளந்து இரண்டு பெரிய கண்ணாடிச் சாடிகளில் ஊற்றி பேஸ்மென்ற்றில் வைப்போம். ஒன்று அவளுடையது, மற்றது என்னுடையது. ஒரே பழம், ஒரே சீனி, ஒரே கால். ஒவ்வொரு சாடியின் கழுத்திலும் பெயர் எழுதிய துணித்துண்டு ஒன்றை அன்ரனெற் கட்டிவிடுவாள். மூடியில் வளைந்த சின்னக் குழாய் ஒன்று இருக்கும், அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே இருக்கிற வாயு குமிழியிட்டு வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போக முடியாது. இத்தாலியக் கிழவர் ஒருவர் எங்களுக்குச் சொல்லித் தந்த ஏற்பாடு அது. அவர் சொன்னதை அன்ரனெற் கவனமாகக் கேட்டாள். நான் பெட்டி மணந்துகொண்டிருந்தேன்.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முந்திய ஞாயிறு போட்டி. பக்கத்து வீட்டுச் சண்முகலிங்கம் அண்ணைதான் நடுவர். வைனைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் இரண்டு பேரும் அவரை நம்புகிறோம். வென்றவரின் வைன் நத்தார் மேசைக்குப் போகும். தோற்றவர் அடுத்த ஒரு வருடத்துக்குச் சனிக்கிழமைச் சமையல்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் கூழ். கூழ் என்றால் லேசாக நினைத்துவிடாதீர்கள். நண்டு உடைக்க வேண்டும், கணவாய் கழுவ வேண்டும், இறால் உரிக்க வேண்டும், மீன்தலையோடு மல்லுக்கட்ட வேண்டும். பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை எல்லாம் தமிழ்க்கடை பிறீசரில் கல்லாக உறைந்து கிடக்கும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை ஊறவைத்துப் பிழிந்து, செத்தல் மிளகாய் அரைத்து, பழப்புளி கரைத்து முடிக்கும்போது சனிக்கிழமை என்று ஒரு நாள் இருந்ததே மறந்துவிடும். ஆறு வருடங்களாக நான்தான் காய்ச்சுகிறேன். ஆறு வருடமும் நான்தான் தோற்றேன்.

ஒரே பழத்தில் செய்த வைன் எப்படி இரண்டு ருசியாகும்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை. சரி, சாப்பிடவிட்டது. ஆனால் ருசிக்கவிடவில்லை.

என் சாடியில் குறை சொல்ல முடியாது. அதை நான் பார்த்த பார்வை கொஞ்சமா? காலையில் கோப்பி குடிக்க முன் ஒரு தடவை மூடியைத் திறந்து மணப்பேன். மத்தியானம் திறந்து ரோர்ச் அடித்து நிறம் பார்ப்பேன். பின்னேரம் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துக் கொப்பியில் குறிப்பேன். அன்ரனெற்றோ தன் சாடிப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. அவளுடைய மூடியை நான் தொடக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

கார்த்திகை மாதம் சந்தேகம் உறுதியானது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மூடிய தட்டு ஒன்றோடு பேஸ்மென்ற் படியில் இறங்கினாள்.

"கையில என்ன உது?"

"தட்டு."

"தட்டுக்கு மேல?"

"மூடி."

"மூடிக்குக் கீழ?"

"தட்டுத்தான். நீங்கள் போய் நியூஸைப் பாருங்கோ."

அவள் மேலே வந்த பிறகு நான் கீழே போய் மணந்து பார்த்தேன். மிளகு வாசம், வதக்கிய வெங்காய வாசம். எனக்கு மயிர் கூச்செறிந்தது. வைனுக்குள் இவள் ஏதோ போடுகிறாள். அன்றிரவுச் சாப்பாட்டில் நேராகவே கேட்டேன், நீர் உதுக்குள்ள என்ன போடுறனீர் என்று. ஒண்டும் போடுறேல்லை என்றாள். ஆறு வருடமாக அதே பதில், அதே நிதானம். ஒன்றும் போடாதவர்கள் இவ்வளவு நிதானமாகச் சொல்லமாட்டார்கள்.

அடுத்த செவ்வாய் நான் முன்கூட்டியே போய் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அறுபத்து மூன்று வயதில் ஒளிவது சுலபமில்லை. முழங்கால் ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். அன்ரனெற் வந்தாள். இரண்டு சாடிகளுக்கும் நடுவில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பத்து நிமிடம் அவளுடைய முழங்கை மட்டும் ஏறி இறங்கியது. வேறொன்றும் தெரியவில்லை. பிறகு எழுந்து தட்டை மூடிக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்:

"வரேக்கை லைற்றை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ."

அதோடு துப்புத் துலக்கும் வேலையை விட்டுவிட்டேன். மார்கழி பிறந்தது. என் வைன் வரவர ஒரு மாதிரியாகிக்கொண்டு வந்தது. கொப்பியில் முதல் வாரம் "அருமை" என்று எழுதியிருந்தேன். ஐந்தாம் வாரம் "பரவாயில்லை". பத்தாம் வாரம் "பல் கூசுகிறது". இன்னொரு வருடம் நண்டோடு வாழ வேண்டிவரும் என்று நினைத்தபோது உண்மையாகவே கண் கலங்கியது. அப்போதுதான் அந்த எளிய வழி தோன்றியது. அவளுடைய இரகசியம் எனக்கு எதற்கு? அவளுடைய சாடியே போதுமே.

போட்டிக்கு முந்திய வியாழக்கிழமை அன்ரனெற் வேலைக்குப் போனதும் கீழே இறங்கினேன். பெயர்த்துண்டுகளை அவிழ்க்கப் பார்த்தேன். முடியவில்லை. தையல்காரி போட்ட முடிச்சு. நகத்தால் முயன்றேன், பல்லால் முயன்றேன், கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, அவள் துண்டை என் சாடியிலும் என் துண்டை அவள் சாடியிலும் புது நூலால் கட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு, சப்பாத்துக்குப் போடுகிற முடிச்சு. ஞாயிறு காலையிலும் போய்ப் பார்த்தேன். இரண்டு கழுத்திலும் என் முடிச்சு அப்படியே இருந்தது. பூசையில் அன்று மற்ற நாட்களைவிடச் சத்தமாகப் பாடினேன்.

பின்னேரம் சண்முகலிங்கம் அண்ணையும் மனைவி ஜெயமலர் அக்காவும் வந்தார்கள். அக்கா கீழே போய் இரண்டு சாடியிலிருந்தும் இரண்டு கிளாஸில் எடுத்து, அடியில் பெயர் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார். அண்ணை முதல் கிளாஸைக் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு துண்டு கணவாய்ப் பொரியல் சாப்பிட்டார். இரண்டாவதைக் குடித்தார். இன்னொரு துண்டு கணவாய். கணவாய் முடிந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"தம்பி, குறை நினைக்காதையும். முதலாவது சரியான புளி, அச்சாறு போடத் திறம். ரெண்டாவதுதான் வைன்."

அக்கா இரண்டாவது கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்தார். அன்ரனெற்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை என் முதுகில் தட்டினார். மெதுவாகக் கணக்குப் பார்த்தேன். அன்ரனெற்றின் பெயர் தொங்குவது என் சாடியில். அப்படியென்றால் வென்றது என் வைன். ஏழு வருடத்தில் முதல் தடவையாக நான் வென்றிருக்கிறேன், அதை நானே என் கையால் அவளுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது கிளாஸில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, என் கைப்பக்குவம்தான். வியாழக்கிழமை பல் கூசினது உண்மை, ஆனால் நல்ல வைன் கடைசி மூன்று நாளில்தான் திரளும் போலிருக்கிறது. பிறகு முதலாவது கிளாஸையும் ருசித்தேன். பாவம் அன்ரனெற், இந்தப் புளித் தண்ணீரையா இவ்வளவு நாளும் பொத்திப் பொத்தி வைத்தாள் என்று மனம் இரங்கியது. இதை வெளியில் சொல்லவும் முடியாது. சொன்னால் துண்டு மாற்றியதையும் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நத்தார் மேசையில் அந்த வைனை ஊற்றி ஊற்றி எல்லோரும் அன்ரனெற்றைப் புகழ்ந்தார்கள். மார்க்கம் நகரத்திலிருந்து வந்த அவளுடைய தமையன் எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன். என் வைனுக்கு நானே தட்டினேன், அவளுக்குத் தட்டுவதுபோல.

அடுத்த சனிக்கிழமை குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்டுக்கால் விரலில் குத்தியது. அதோடு பொறுமை போய்விட்டது. அன்ரனெற் மேசையில் இருந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சரும். அண்டைக்கு வெண்டது உம்மட வைன் இல்லை. என்ர வைன்."

"அப்பிடியே?"

"வியாழக்கிழமை நீர் வேலைக்குப் போன நேரம் நான் துண்டு ரெண்டையும் மாத்திக் கட்டிப்போட்டன்."

"தெரியும்."

என் கையிலிருந்த நண்டு தொட்டிக்குள் விழுந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"என்ர முடிச்சை அவிழ்க்க ஏலாது, வெட்டத்தான் வேணும். பின்னேரம் உடுப்புத் தோய்க்கப் போனா, ரெண்டு சாடியும் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிக்குது. நான் திருப்பி மாத்திக் கட்டினன்."

"பொய். ஞாயிறு காலமை நான் பாத்தனான். என்ர முடிச்சுத்தான் இருந்தது."

"முடிச்சைத்தானே பாத்தனீங்கள், பேரைப் பாத்தனீங்களே? இருபத்தொம்பது வரியமா வழிவழிய அவிழுற உங்கட சப்பாத்தைக் கட்டிவிடுறது ஆர்? உந்த முடிச்சு எனக்குத் தெரியாதே?"

எனக்கு வெட்கமாகிப் போனது. நான் மனம் இரங்கிய புளித் தண்ணீர் என்னுடையதேதான். களவும் செய்து, தோற்றும் போய், அதை நானாகவே வாயால் சொல்லியும் முடித்திருந்தேன். இவ்வளவுக்குப் பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? குறைந்தபட்சம் அந்தத் தட்டில் என்ன இருந்தது என்றாவது சொல்லும்படி கெஞ்சினேன்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"மட்டன் ரோல்ஸ். உங்களுக்குப் பொரிச்சது கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே. உங்களுக்கு முன்னால வைச்சுத் தின்ன எனக்கு மனம் வரேல்லை. அதான் கீழ கொண்டுபோறனான்."

மெசினுக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தது நினைவுக்கு வந்தது. இந்த மனுசியையா சந்தேகப்பட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன். ஆனாலும் ஆறு வருடக் கேள்வி விடவில்லை.

"அப்ப வைனுக்குள்ள என்னதான் போடுறனீர்?"

"ஒண்டும் போடுறேல்லையெண்டு எத்தினை தரம் சொல்லுறது? நீங்கள்தான் போடுறியள். காத்து உள்ள போகக்கூடாதெண்டுதானே அந்தக் கிழவர் குழாய் தந்தவர். நாளுக்கு மூண்டு தரம் திறந்து மணந்தா வைன் புளிக்காமல் என்ன செய்யும்?"

அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதையும் மறந்து நின்றேன். ஆறு வருடமாக இது தெரியுமா என்று கேட்டேன். ஓம் என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்கள் வெண்டிடுவியள். பிறகு ஆர் கூழ் காய்ச்சுறது? நான் காய்ச்சுற கூழை என்னாலயே குடிக்க ஏலாது. நீங்கள் காய்ச்சினாத்தான் எனக்கு அது கூழ்."

இருபத்தொன்பது வருடத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அதைத் தோல்வியோடு சேர்த்துத் தந்தாள். இருந்தாலும் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டது தெரிந்தது. இப்போது இரகசியம் என் கையில். அடுத்த வருடம் என் சாடியை நான் திறக்கவே போவதில்லை என்று அகப்பையை நிமிர்த்திப் பிடித்துச் சொன்னேன். அன்ரனெற் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திரும்பவும் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

அது போன வருடக் கதை. இந்தப் புரட்டாசியிலும் பழம் மிதித்தோம், சாடிகளில் ஊற்றினோம், மூடினோம். இன்றைக்கு நான்காவது நாள். மணப்பதற்காகவோ நிறம் பார்ப்பதற்காகவோ ருசி பார்ப்பதற்காகவோ நான் இன்னும் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் ஐந்து தடவை திறந்தேன்.