மூட்டையாய் வாங்கினால் மிச்சம்

உலகத்தில் செலவாளிகள் உண்டு, கஞ்சர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று மதுரைப் பக்கம் இப்போது வேகமாகப் பெருகி வருகிறது. மிச்சம் பிடிப்பதற்காகவே கைக்காசைத் தண்ணீராய் இறைக்கும் இனம். அடையாளம் காண்பது சுலபம். வீட்டுக்குள் நுழைந்ததும் உங்களுக்குத் தும்மல் வரும். கொல்லையில் ஏதாவது ஒன்று கொக்கரிக்கும். காபி வருவதற்குள் கடைச் சாமான் எல்லாம் கலப்படம் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

விளாங்குடி சிவபாண்டி இந்த இனத்தில் முதல் தரம். ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். எவனோ ஒருவன் தன் கொல்லையை வைத்தே, மற்றதை மொத்தமாக வாங்கியே குடும்பம் நடத்துவதை ஒருநாள் செல்போன் வீடியோவில் பார்த்தார். அவ்வளவுதான். மறு ஞாயிறே கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குப் போய் மிளகாய் வற்றல் ஒரு மூட்டை, மல்லி ஒரு மூட்டை, மஞ்சள், சீரகம், மிளகு என்று கல்யாண வீட்டுக்குக் காணும் அளவுக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டில் இருப்பது யார்? அவரும் மனைவி தமிழ்ச்செல்வியும். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டல் சாப்பாடு. அவளுடைய அறை மசாலாக் கிடங்கானது. வண்டு விழாமலிருக்க டிரம் வந்தது. காயவைக்கத் தார்ப்பாய் வந்தது. தார்ப்பாயை மாடியில் விரித்த அன்றைக்கென்று கோடை மழையும் வந்தது. தமிழ்ச்செல்வி தெருமுனைக் கடையில் சின்னப் பாக்கெட் மிளகாய்த்தூள் வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருவது மட்டும் அவருக்குத் தெரியாது. மூட்டைத் தூளில் குழம்பு வைத்தால் அழாமல் சாப்பிட முடியாது என்பது தமிழ்ச்செல்வியின் கட்சி.

அடுத்தது கோழி. வராமல் இருக்குமா? ஐந்து நாட்டுக்கோழி வாங்கினார். கூண்டு, கோழிகளைவிட விலை. ஒன்றை நாய் கொண்டுபோனது. இரண்டை வெள்ளைக் கழிச்சல் நோய் கொண்டுபோனது. ஒன்று எதிர்வீட்டு மாடியில் பறந்து ஏறி, அங்கிருந்து எங்கே போனதென்று இன்றுவரை தகவல் இல்லை. மிஞ்சியது, பின்தெருச் சேவல் தினமும் தேடி வரும் ஒரு செவலைப் பெட்டை. அது முதல் முட்டை இட்ட அன்று சிவபாண்டி அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார். போய், தாமதத்துக்குக் காரணம் முட்டை என்று அதிகாரியிடமே சொன்னார். அடுத்த வீட்டுப் பாலாம்பாள், பணி ஓய்வு பெற்ற டீச்சர். செவலை அவருடைய துளசி மாடத்தைக் கிளறிப்போட்டதும், அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டி நாள் தவறாமல் பாடம் நடத்தியதும் சிவபாண்டியின் காதில் ஏறவே இல்லை.

ஏறியது வேறொரு பேச்சு. தமிழ்ச்செல்வியின் தம்பி அழகுராஜாவுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். அவன் வீட்டைச் சுற்றி எத்தனை கோழி மேய்கிறது என்று அவனுக்கே தெரியாது. ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியே கேட்கும்படி, "மச்சான், உங்க முட்டை ஒண்ணு எம்புட்டு ரூவாய்க்கு அடங்குது?" என்று விசாரித்தான். பந்தி சிரித்தது.

"வார ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வா மாப்ள. என் கோழி, என் மசாலா. தின்னு பாத்துட்டுப் பேசு."

வார்த்தை விழுந்துவிட்டது. திரும்பி வரும் வழியில்தான், என் கோழி என்றால் செவலை என்பது அவருக்கு உறைத்தது. பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வரும் செவலை. செருப்பின்மேல் ஏறி நின்றுகொள்ளும் செவலை. அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மச்சினனிடம் சொன்ன சொல்லை மாற்றினால் இந்த ஜென்மத்தில் தலைநிமிர முடியுமா?

வெள்ளிக்கிழமை செவலையைக் காணோம். தெருத்தெருவாகத் தேடினார். கிடைத்துவிடுமோ என்ற பயத்தோடு தேடுகிற மாதிரி இருந்தது என்று தமிழ்ச்செல்வி பின்னால் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் சுவருக்கு மேலே டீச்சரின் தலை தெரிந்தது. குரல் வழக்கத்தைவிடத் தணிவு.

"உங்க கோழி எங்காத்துலதான் இருக்கு. துவைக்கற கல்லுக்குப் பின்னாடி அடை உக்காந்துண்டிருக்கு."

முட்டையை வாசலுக்குள் விடாத அந்த அம்மாள், செவலை அங்கே வந்து முட்டையிடுவதை இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தொடவில்லை, சொல்லவில்லை. இப்போது அதன் மூக்குக்கு நேராகத் தண்ணீரும் நொய்யரிசியும் வைத்துவிட்டு வந்து நிற்கிறார்.

"நாளைக்கு விருந்துன்னு தமிழ்ச்செல்வி சொன்னா. அதனாலதான் மூச்சுவிடலை. குஞ்சு பொரிக்கறவரைக்கும் தரமாட்டேன். நீங்க என்ன வேணா நெனைச்சுக்கோங்கோ."

சிவபாண்டி சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தார். "அங்கயே இருக்கட்டும் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறன்று கறிக்கடைக் கோழிதான் கொதித்தது. மசாலாவாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று பிடிவாதமாக மூட்டைத் தூளைப் போடச் சொன்னார். இரண்டாவது கவளத்தில் அழகுராஜாவுக்கு மூக்கு ஒழுகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வளர்த்த கோழிதானா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கடைக்கோழி என்று ஒப்புக்கொண்ட சிவபாண்டி, கை கழுவியதும் அவனைச் சுவரோரம் அழைத்துப் போய்க் காட்டினார். கல்லுக்குப் பின்னால் செவலை இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது.

அழகுராஜா வெகுநேரம் பார்த்தான். சிரிக்கவில்லை. "நல்லா அணைச்சு உக்காந்திருக்கு மச்சான். மழைத் தண்ணி படாமப் பாத்துக்கங்க" என்றான். ஒரு கோழிக்காரன் இன்னொரு கோழிக்காரனிடம் பேசும் குரல். சிவபாண்டிக்கு அதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகமும் தந்துவிட முடியாது.

குஞ்சுகள் பொரித்தன. டீச்சர் பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவபாண்டி என்ன செய்தார்? இத்தனை குஞ்சு கோழியானால் எத்தனை முட்டை என்று மனக்கணக்குப் போட்டு, இன்னும் பெரிய கூண்டுக்குச் சொல்லிவிட்டு, நேரே கீழமாசி வீதிக்குப் போனார். தீவனத்துக்குக் கம்பு, மூட்டையாய் வாங்கினால் மிச்சமாம். ஹாலில் சோபாவை ஓரங்கட்டியாகிவிட்டது.

நல்ல மனுஷன், பாவம், என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். நடுவில் ஓரிடத்தில், அந்த வற்றல் மூட்டையைக் கீழமாசி வீதியில் எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கியிருப்பார் என்று உங்களுக்கு ஒரு கேள்வி எழுந்ததே, அது எதற்கு?