இருளப்பன் வீட்டு நாய்

நாயைக் கோழிக்கூண்டுக்குள் வைத்துப் பூட்டியது சாம்பசிவம்தான். வேறு யார் மேலாவது பழியைப் போட முடியுமா என்று காலையில் கூண்டு முன்னால் நின்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். முடியவில்லை. கூண்டைக் கட்டியது அவர். கதவு வைத்தது அவர். முந்தின நாள் சாயங்காலம் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்து, "இனிமே வரட்டும், பாப்போம்" என்று சவால் விட்டதும் அவர். அப்போதே நாய் உள்ளே மூலையில் சாக்குக்கு அடியில் படுத்திருந்திருக்கிறது.

இப்போது அது வெளியே விடச் சொல்லி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கூண்டு முழுக்க இறகு. முட்டைக் கோழிகளில் பாதியைக் காணோம். கறுப்புச் சேவல் மட்டும் மேல் சட்டத்தில் ஏறி, கூவவும் மறந்து உட்கார்ந்திருந்தது.

"நாய்க்கு நல்ல வீடாத்தான் கட்டியிருக்கீங்க. மழைகூட ஒழுகாது" என்றாள் அவர் மனைவி ருக்குமணி, பின்வாசலில் நின்றபடி.

தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் மெஷின் லேசாக முனகினாலே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள் சாம்பசிவம். அந்தக் கூண்டுக்கான வலையைக் கியா பார்ம் ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்துச் சீன முதலாளி தவ்கேயிடம் கெஞ்சி வாங்கி, மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் சேர்ந்து ஒரு நாய்க்கு விருந்து வைத்திருக்கிறது.

மற்ற கோழிகள் போனால் முட்டை போயிற்று என்று விட்டுவிடலாம். கறுப்புச் சேவல் அப்படியில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் சாம்பசிவத்துக்கு நெஞ்சில் சளி கட்டி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். புருஷன் எழுந்து வந்தால் அடுத்த படையலுக்குக் கறுப்புச் சேவல் கொடுப்பதாக ருக்குமணி முனியாண்டி கோயிலில் வேண்டிக்கொண்டாள். அவர் எழுந்து வந்துவிட்டார். குஞ்சிலிருந்தே நேர்ந்துவிட்டு வளர்த்த சேவல் இது. படையல் வரும் ஞாயிற்றுக்கிழமை. நேர்ந்துவிட்டதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வெளியே, "நமக்கு இதுலயெல்லாம் பெரிசா நம்பிக்கை இல்ல" என்று சொல்லிக்கொள்வார். உள்ளே, அந்தச் சேவல் தும்மினால்கூட தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

நாய் பக்கத்து வீட்டு இருளப்பனுடையது. இருளப்பன் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டுகிறவன், சாம்பசிவத்தைவிட இளையவன், அதுவரை நல்ல பிள்ளை. சாம்பசிவம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம்தான் அவன் வீட்டுக்கு அந்தக் குட்டி வந்தது. நான் சாகக் கிடந்த நேரத்தில் இவனுக்கு நாய் வளர்க்க ஆசை வந்திருக்கிறது என்பது சாம்பசிவத்தின் முதல் மனத்தாங்கல். குட்டி வளர்ந்து கோழி பிடிக்கத் தொடங்கியதும் மற்ற மனத்தாங்கல்கள் தானாகச் சேர்ந்துகொண்டன.

கட்டிப்போடச் சொல்லி எத்தனையோ முறை கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் இருளப்பன் தலையைச் சொறிந்தான். செத்த கோழிக்குப் பதிலாக ஒரு கோழியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதையும் நாய் தின்றது. யோசித்துப் பார்த்தால், இருளப்பன் தன் நாய்க்குக் கோழி வாங்கிப் போட, நடுவில் நின்று தீனி போட்டு வளர்த்துத் தருகிற வேலையைத்தான் சாம்பசிவம் செய்துகொண்டிருந்தார்.

கூண்டு விவகாரத்துக்குப் பிறகு நேராகவே போய்க் கேட்டார். மெஷின் சத்தத்துக்கு நடுவே இருபது வருஷம் பேசிப் பழகிய குரல் என்பதால் அவர் நேராகக் கேட்டால் லயன் வீட்டு வரிசை மொத்தத்துக்கும் கேட்கும்.

"ஏன்பா, ஒரு கயிறு போட்டுக் கட்டினா நாய் செத்தா போயிடும்?"

"கட்ட முடியாதுண்ணே" என்றான் இருளப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு. "படையல் வரைக்கும் பொறுத்துக்குங்க."

படையல் வரைக்கும் பொறுத்தால் படையலுக்குச் சேவல் எங்கே இருக்கும்? நக்கல் பண்ணுகிறான் என்று சாம்பசிவத்துக்குச் சுருக்கென்றது. அவனே கட்டாவிட்டால் என்ன, நாம் கட்டுவோம் என்று கம்போங் ராஜாக் கடைத்தெருவில் நல்ல கனமான சங்கிலியாக வாங்கிவந்தார். இருளப்பன் வேலைக்குப் போன நேரம் பார்த்து நாயைப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் ஓடிய தண்ணீர்க் குழாயில் கட்டினார்.

சங்கிலி நன்றாகத்தான் இருந்தது. குழாய்தான் பழசு. நாய் இழுத்த இழுப்பில் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் வானத்துக்குப் பாய்ந்தது. லயனில் பாதிப்பேர் தலையில் சோப்போடு வெளியே வந்தார்கள். முனியாண்டி கோயில் பூசாரி சின்னையா துண்டோடு ஓடிவந்தவர், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், நாயின் கழுத்திலிருந்து சங்கிலியைத்தான் முதலில் அவிழ்த்தார்.

"இதக் கட்டாதப்பா."

"ஏன் கட்டக் கூடாது?"

"கட்டாதன்னா கட்டாத லா. ஞாயித்துக்கெழம பேசிக்கலாம்."

பூசாரியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று சாம்பசிவம் முடிவுகட்டினார். குழாயை ஒட்டுப்போடும் வேலை அவர் தலையில் விழுந்தது. அவர் குழாயோடு நனைந்துகொண்டிருந்த நேரத்தில், அவிழ்த்துவிடப்பட்ட நாய் மிச்சமிருந்த முட்டைக் கோழிகளையும் தீர்த்துவிட்டது.

சேவலைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார்கள். அது அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, ருக்குமணி சாதம் வடிக்கும்போதெல்லாம் கூவியது. துவைத்து மடித்த துணிமேல் நடந்தது. இரண்டாம் நாள் ருக்குமணி பொறுமை இழந்தாள். சேவலைத்தான் வெளியே விடச் சொல்வாள் என்று சாம்பசிவம் எதிர்பார்த்தார்.

"சேவல் இருக்கட்டும், சாமிது" என்றாள். "நீங்க கொஞ்சம் வெளிய போய் எதாச்சும் வழி பண்ணுங்க."

வழி பண்ணினார். சனிக்கிழமை ஈசா கடையில் ரொட்டி சானாய் வாங்கி, அதைக் காட்டியே நாயைக் கூடையில் ஏற்றி, மோட்டாரில் வைத்து ரிங்லெட் வரைக்கும் ஓட்டிப்போய், மார்க்கெட் பக்கம் இறக்கிவிட்டார். மிச்ச ரொட்டியையும் போட்டார். நாய் தின்பதை விட்டுவிட்டு அவரை நன்றியோடு பார்த்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பார்வை உறுத்தியது. கோழி தின்றபோது இப்படிப் பார்த்துத் தொலைத்திருந்தால் வளர்த்தே இருக்கலாம்.

லயனுக்கு வந்தால் ஒரே களேபரம். இருளப்பன் பித்துப் பிடித்தவன் மாதிரி நாயைத் தேடிக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. இவ்வளவு பெரிய ஆள் ஒரு நாட்டு நாய்க்காக அழுவதைச் சாம்பசிவம் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் தேடுவதற்கு உதவினார். அவனோடு லோரியில் ஏறி, ரிங்லெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் போகச் சொல்லி, தேயிலைச் சரிவுகளைப் பார்த்து அவன் கூப்பிட்டதைவிடச் சத்தமாகக் கூப்பிட்டார்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தபோது நாய் சாம்பசிவத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. இருளப்பனுக்குப் பழக்கமான காய்கறி லோரிக்காரர் ஒருவர் வழியில் அடையாளம் கண்டு ஏற்றிவந்தாராம். அது இருளப்பனைத் தாண்டி ஓடிவந்து, இன்னொரு ரொட்டி கேட்டுச் சாம்பசிவத்தின் சட்டைப் பையை மோந்தது.

இருளப்பன் நாயைப் பார்த்தான். மோட்டார் கூடையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தான். பிறகு சாம்பசிவத்தைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"இதுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களுக்குத்தாண்ணே நல்லதில்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

சாம்பசிவத்துக்குச் சந்தேகமே இல்லை. மிரட்டல். பக்கத்து வீட்டுக்காரன், சாப்பாடு கொடுத்து வாங்கிப் பழகியவன், முகத்துக்கு நேரே மிரட்டுகிறான். போலீஸில் ரிப்போர்ட் கொடுக்கப்போவதாக ருக்குமணியிடம் சொன்னார்.

"நாயத் தூக்கிட்டுப் போனது நீங்க" என்றாள் அவள். "ரிப்போர்ட் குடுக்கிறதும் நீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சேவலைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி, தேயிலைச் சரிவின் மேலே மரத்தடியிலிருந்த முனியாண்டி கோயிலுக்குச் சாம்பசிவம் ஏறினார். ஒரு வருஷத்துப் பயம் அந்தத் துண்டுக்குள் கதகதப்பாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் பனித்தது.

கோயில் வாசலில் அந்த நாய் நின்றது. குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருளப்பன் வேட்டி கட்டிக் கைகூப்பி நின்றான். ஊர்க் கோழியெல்லாம் தின்றதற்கு மாலை மரியாதை வேறு. சாம்பசிவத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனித்த கண் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிட்டது.

சேவலைச் சின்னையாவிடம் நீட்டிவிட்டுக் கண்ணை மூடினார். நன்றி சொல்லத்தான் வந்தார். ஆனால் வாயில் வேறு வந்தது. மனதுக்குள் வேண்டிக்கொள்வதாகத்தான் அவர் நினைத்தார். ஃபேக்டரிக் குரல் மனதுக்குள் நிற்கிற குரலா?

"முனியாண்டி, என்னப் பொழைக்க வச்ச. இன்னும் ஒண்ணே ஒண்ணு. இந்த இருளப்பன் வீட்டு நாய ஒழிச்சுக் கட்டிடு. அடுத்த வருஷம் ரெண்டு சேவலாவே குடுத்துடறேன்."

கோயிலில் அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியது. சாம்பசிவம் கண்ணைத் திறந்தார். ருக்குமணி தலையில் கை வைத்திருந்தாள். இருளப்பன் கோபப்படவில்லை. பயந்துபோய்ப் பூசாரியைப் பார்த்தான். நாய் மட்டும் மாலையோடு வந்து சாம்பசிவத்தின் காலடியில் படுத்துக்கொண்டது.

சின்னையா கத்தியைக் கீழே வைத்தார்.

"வேண்டுதல ஒடனே வாபஸ் வாங்கு சாம்பசிவம்" என்றார். "நீ ஈப்போவுல கண்ணு தொறக்காம கெடந்தப்போ, அண்ணன் உசுரோட வந்தா ஒரு நாய அவரு பேருல வளத்து, ஒரு வருஷம் கட்டாம விடறேன், படையல் முடியிற வரைக்கும் அவருகிட்ட மூச்சு விட மாட்டேன்னு இருளப்பன் இதே எடத்துலதான் விழுந்து அழுதான்."