பதினெட்டு ஜோடி ஈர ஷூக்கள்

ஆட்டிசம் உள்ள தம்பியோடு வளர்ந்தவள் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர்களின் முகம் கனிந்துவிடும். "உங்களுக்கு எவ்வளவு பொறுமை இருக்கும்!" என்பார்கள். நானும் தலையைக் கொஞ்சம் சாய்த்து ஒரு தியாகச் சிரிப்பு சிரித்துவைப்பேன். என் பொறுமையின் லட்சணம் எங்கள் சர்ச் ஆட்கள் பதினெட்டுப் பேருக்குத் தெரியும். வெறுங்காலோடு நின்று நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

மலையூரான அருவங்காட்டில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டத்துக்குக் கூடும். ஜெபம், பாட்டு, கடைசியில் டீ. எங்கள் முறை வரும்போதெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிவைத்ததுபோல் காய்ச்சல் வந்துவிடும். (தெர்மாமீட்டருக்கு மட்டும் தெரியாத காய்ச்சல்.) காரணம் எட்வின். கோயிலில் அவனைப் பார்த்தாலே யாராவது "பாவம்" என்று உச்சுக்கொட்டுவார்கள். அதை வீட்டுக்குள்ளும் கேட்க அம்மாவுக்குத் தெம்பில்லை.

நான்காவது வருடம் எங்கள் முறை வந்தபோது அம்மா துணிந்துவிட்டார். "ஒரு மணி நேரம் எட்வின் எல்லாரோடயும் உக்காரோணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு" என்றார்.

"நான் பாத்துக்கறேன், விடும்மா" என்றேன்.

எனக்கு அப்போது இருபது வயது, எட்வினுக்குப் பதினாறு. அன்று நான் தனியாக ஒரு பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. புதிதாக வந்திருந்த ஃபாதர் வேறு வருகிறார். எட்வின் யார் முகத்தையும் அதிகம் பார்க்க மாட்டான், கால்களைத்தான் பார்ப்பான். நான் உச்சஸ்தாயியில் நிற்கும்போது அவன் குனிந்து ஃபாதரின் ஷூ லேஸை ஆராய ஆரம்பித்தால் என் கச்சேரி என்ன ஆவது? (கச்சேரியாம். மூன்று சரணம்.)

அதனால் நாலு மணிக்கு அவனைக் கொல்லைப்புறத் தொட்டிக்கு அழைத்துப்போனேன். எங்கள் வீட்டு ஷூக்களையும் சோப்புத் தூளையும் கொடுத்து, "ஆளுங்க போற வரைக்கும் உள்ள வராதே, கழுவிட்டே இரு. அப்புறம் ரெண்டு வர்க்கி தரேன்" என்றேன். ஷூ கழுவுவது அவனுக்குப் பிடித்த வேலை, டீயோடு தின்னும் மொறுமொறு வர்க்கி அதைவிடப் பிடிக்கும். அம்மா கேட்டபோது, "கூப்பிட்டேன்மா, வர மாட்டேங்கறான்" என்று கூசாமல் சொன்னேன். அம்மாவின் முகம் வாடியது. எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை, தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பாட்டு அமோகம். ஃபாதர் கண்ணை மூடிக் கேட்டார். அன்பியத் தலைவி ரோஸ்லின் டீச்சர் இன்னொரு பாட்டு கேட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பாடினேன்.

ஐந்தரைக்குக் கூட்டம் முடிந்தது. ஆறு மணிப் பூசைக்கு ஓட வேண்டும் என்று ஃபாதர் அவசரமாகக் கதவைத் திறந்தார். வராந்தா துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. ஒரு செருப்புகூட இல்லை.

"ஏனுங்க, திருடன் வந்துட்டு போயிருக்கானுங்க!" என்று லாரன்ஸ் அங்கிள் கத்தினார். அவருக்கு ஃபேக்டரியில் கொடுத்த ஷூ போன துக்கம். அப்போதுதான் ரோஸ்லின் டீச்சர், வீட்டின் பக்கவாட்டுச் சாக்கடையில் சோப்பு நுரை பொங்கிப் போவதைக் காட்டினார்.

எல்லோரும் ஜூலை மழையில் வெறுங்காலோடு வீட்டைச் சுற்றிப் போனோம். கொல்லைச் சுவரின்மேல் வரிசையாக ஷூக்கள், செருப்புகள், எல்லாம் சொட்டச் சொட்ட. எங்கள் வீட்டு நாலு ஜோடியைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டவன், சும்மா இருக்க முடியாமல் வராந்தாவைக் கண்டுபிடித்திருக்கிறான். தலை நனைந்து, உதடு நீலம் பாரித்து, ஃபாதரின் இடது ஷூவுக்குள் பிரஷ் விட்டுக்கொண்டிருந்தான்.

"மழையில எதுக்குப்பா நிக்கற? உள்ள வந்திருக்கலாம்ல?" என்று ஃபாதர் கேட்டார்.

எட்வின் ஷூவைப் பார்த்தே பதில் சொன்னான். "அக்கா வரக்கூடாதுன்னு சொல்லுச்சு. ஆளுங்க போற வரைக்கும். போனா ரெண்டு வர்க்கி."

யாரும் "பாவம்" என்று சொல்லவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அம்மா என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் அவன் தலையைத் துவட்டி, உள்ளே கூட்டிப்போய் ஃபாதர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்காரவைத்து, வர்க்கித் தட்டை முழுசாக அவன் மடியில் வைத்தார். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

பிறகு ஷூக்களை உள்ளே கொண்டுவந்து பிரித்துக்கொடுக்க வேண்டிவந்தது. ஆண்களில் பாதிப் பேருடையது ஒரே மாதிரிக் கருப்பு ஷூ. அவரவருக்கே அடையாளம் தெரியவில்லை. எட்வினுக்குத் தெரிந்தது. "லாரன்ஸ் அங்கிள், வலது குதி தேஞ்சது." "ரோஸ்லின் டீச்சர், ஒம்பதாம் நம்பர்." (ஆறாம் நம்பர் என்றுதான் டீச்சர் ஊரில் சொல்லிவைத்திருந்தார்.) மழையும் மறந்து எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலைய ஏழு மணி ஆனது, எட்வின் கடைசிவரை நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். ஃபாதர் மட்டும் அப்பாவின் குளியலறை ரப்பர் செருப்பில் ஓடிப்போய்ப் பூசை வைத்தார்.

நான்கு வருடம் கழித்து என் கல்யாணம். குடும்பப் படம் எடுக்கும்போது எட்வின் கேமராவைப் பார்க்காமல் குனிந்தே இருந்தான். "தம்பி, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் போட்டோகிராபர். முன்வரிசையிலிருந்த அன்பியம் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது: "ஏனுங்க, அவன வெளிய நிறுத்தாதீங்க! உங்க ஷூ போயிரும்!"

அந்தப் படம் அம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், மாப்பிள்ளை திருதிருவென்று விழிக்கிறார், மணப்பெண் முகம் சிவந்து அழுகிறாள். எட்வின் நட்டநடுவில் நின்று மாப்பிள்ளையின் ஷூவைப் பார்க்கிறான். வருகிறவர்கள் எல்லாம் "பொண்ணு எதுக்கு அழுவுது?" என்று கேட்பார்கள். அம்மா உற்சாகமாகக் கதையை ஆரம்பிப்பார். எட்வின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அம்மா விட்டதை எடுத்துக்கொடுப்பான். அம்மா சில சமயம் என்மேல் இரக்கப்பட்டு, நான் "உள்ள வராதே" என்று சொன்னதை மட்டும் விட்டுவிடப் பார்ப்பார். அவன் விட்டதே இல்லை.